மூன்றாம் வரிசை, இடது ஓரம்

பாடாதே என்று ஒருத்தியிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் அவள் பாடவில்லை. நடந்த தப்பு இவ்வளவுதான்.

இந்தக் குமிழைக் காதிலிருந்து எடும் தம்பி. வேர்க்கிறது. டெஸ்ட் முடிந்துவிட்டதல்லவா? சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னீர், அழுத்தினேன். கேட்காத இடத்திலும் அழுத்தினேன் என்கிறீர். சரி, இருக்கட்டும். இப்போது ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காதுக்குள் இரைச்சல் உண்டா, வண்டு மாதிரியா, விசில் மாதிரியா என்று கேட்கிறீர். வண்டும் இல்லை, விசிலும் இல்லை. ஒரு பொம்பளை பாடுகிற சத்தம். ஆல்ட்டோ, பொம்பளைகளின் கீழ்க்குரல். அரைச் சுரம் கீழே. தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால். இருந்தது. இப்போது இல்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்?

வெளியே உட்கார்ந்திருக்கிறாளே, என் மகள் எமீமாள், அவளிடம் கேட்காதேயும். அப்பா டிவியை அலறவிடுகிறார், ஒரு மெஷினை மாட்டிவிடுங்கள் என்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உட்காரும், நானே சொல்கிறேன். அடுத்த ஆள் இருக்கட்டும். நீர் கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் கேட்கவா போகிறது?

பெயர் மாசிலாமணி. ஃபாரத்தில் இருக்கிறது. தந்தி ஆபீஸில் வேலை. நாற்பது கருவி ஒரே அறையில் கட்டுகட என்று அடிக்கும். அதற்குள் என் கருவியை மட்டும் பிரித்துக் கேட்டு எழுத வேண்டும். எழுதினேன். சத்தத்துக்குள் வேலை பார்த்தீர்களா என்று முதலிலேயே கேட்டு, ஆம் என்று குறித்துக்கொண்டீர். அது சத்தம் இல்லை தம்பி, பாஷை. சரி, குறித்தது குறித்ததாக இருக்கட்டும்.

வேலை போக மிச்ச நேரம் கிருபாபுரம் கோயிலில் கொயர் மாஸ்டர், பாட்டுக் குழுவை நடத்துகிறவன். மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுப் பேர். இருபத்துநாலு. பரலோகத்தில் சிங்காசனத்தைச் சுற்றி இருபத்துநாலு மூப்பர் என்று வேதத்தில் இருக்கிறது. டயோசீஸ் கோயில்களுக்கெல்லாம் சேர்த்து நடத்துகிற பாட்டுப் போட்டியிலும் இருபத்துநாலு பேருக்குக் குறைந்தால் சேர்க்க மாட்டார்கள். இரண்டும் ஒத்துப்போனதில் எனக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை ஆறரைக்குப் பயிற்சி. ஆறு முப்பத்தொன்றுக்குக் கதவைச் சாத்திவிடுவேன். யாராக இருந்தாலும். ஒரு தடவை என் பெண்டாட்டியே வெளியே நின்றாள்.

கடுமை என்பார்கள். சொல்லட்டும். கலெக்டர் வீட்டுக்கு வந்தால் நெளிந்த டம்ளரிலா காப்பி கொடுப்பீர்? கர்த்தருக்கு மட்டும் ஏனோதானோ என்று பாடலாமா? நொண்டி ஆட்டைப் பலிபீடத்துக்கு இழுத்து வராதே என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் கண்டுபிடித்த சட்டமா அது?

அவள் பெயர் நேசபாக்கியம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. மூன்றாம் வரிசை, இடது ஓரம். ஆறரைக்கு வர வேண்டியவள் ஆறேகாலுக்கே வந்து, பெஞ்சுகளை நகர்த்திப் போட்டுவிட்டு நிற்பாள். கையில் வெங்காய வாடை இருக்கும்.

அவள் குரல் கர்ணகடூரமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். அப்படி இல்லை. பெரிய குரல், கனமான குரல். சுருதியில்தான் நிற்காது. இறங்கும். இறங்கிப் போய் அங்கேயே சந்தோஷமாக உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் நிற்கிறவர்களையும் கூட இழுத்துக்கொள்ளும்.

எண்பத்தாறாம் வருஷம், போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பயிற்சி முடிந்து அவளை நிறுத்தினேன்.

“நேசம், நீ இனிமேல் பாடாதே.”

“தொண்டை கட்டியிருக்குன்னு நெனச்சியளா மாஸ்டரய்யா? இல்லியே, நல்லாத்தான இருக்கு.”

“தொண்டை இல்லை. சுருதி. இறங்குது.”

“கொஞ்சம் ஏத்திப் பாடட்டா?”

“வேண்டாம். வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது. ஊனமானதைக் கர்த்தருக்கு முன்னால் வைக்கக் கூடாது. வெளங்குதா? கர்த்தருக்கு முன்னால் நீ பாடாதே.”

“அப்ப நான் வரணுமா, வேண்டாமா?”

“வரணும். இருபத்துநாலு வேணும்லா?”

“அப்ப சரி” என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். வரச் சொன்னதே போதும் போல.

அந்த வருஷம் ஷீல்டு எங்களுக்கு. நடுவராக வந்தவர் மேடையிலேயே சொன்னார்: “மூன்றாம் வரிசையில் இடது ஓரம் நிற்கிற அம்மா முகத்தைப் பாருங்கள். ஒரு சொல் விடாமல் உணர்ந்து பாடுகிறார்கள். பாட்டென்றால் அப்படிப் பாட வேண்டும்.” நான் சிரிக்கவில்லை. பின்னால் எவனோ சிரித்தான். நேசம் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் ஆறு ஷீல்டு வாங்கினோம். அவள் ஒரு வெள்ளி தப்பவில்லை. புதுப் பாட்டு கொடுத்தால் எல்லாருக்கும் முன்னால் மனப்பாடம் செய்துவிடுவாள். மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சு எடுப்பாள். நீட்டுகிற இடத்தில் வாய் நீளும். சத்தம் மட்டும் வராது. பரிபூரணம் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான். பாடுகிற இருபத்து மூன்று பேரை நூறு தடவை திருத்தியிருக்கிறேன். அவளை ஒரு தடவையும் திருத்த வேண்டி வரவில்லை.

அவள் புருஷன் செத்தான். மில் வாட்ச்மேன், நல்ல மனுஷன். கோயிலில் அடக்க ஆராதனை. பெட்டி நடுவில் இருக்கிறது. இவள் சொந்தக்காரப் பெண்களோடு முன் பெஞ்சில் உட்கார வேண்டியவள். கொயர் எழுந்ததும் எழுந்து வந்து தன் இடத்தில் நின்றுவிட்டாள். அவனுக்குப் பிடித்த கீர்த்தனை. ஊரே அழுதுகொண்டு பாடுகிறது. பச்சைப்பிள்ளையெல்லாம் பாடுகிறது. இவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

நான் பார்த்தேன். நேருக்கு நேர் பார்த்தேன். என்ன கட்டுப்பாடு என்று நினைத்தேன் தம்பி. சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். அந்தச் செம்பை எடும்.

அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குருவானவர் நற்கருணை கொடுக்கப் போனார். நானும் போனேன், கொயரில் மூத்தவள், போக வேண்டும். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அவள் பாயோடு பாயாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

“படு, படு” என்றேன்.

“மாஸ்டரய்யா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“அங்க போயும் வாய மட்டும் அசைச்சாப் போதுமா?”

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். குருவானவருக்கு விஷயம் தெரியாது, ஏதோ விசுவாசக் கேள்வி என்று தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“அங்கே கர்த்தரே எல்லாருக்கும் சுருதி சேர்ப்பார்” என்றேன்.

நல்ல பதில் என்று எனக்கு நினைப்பு. குருவானவருக்கும் பிடித்துப்போய், பிறகு அவள் அடக்க ஆராதனைப் பிரசங்கத்தில் அதையே எடுத்துச் சொன்னார். நேசம் மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு சொல் வரும் என்று இருக்கிறவள் மாதிரி. வரவில்லை. சரி என்று தலையை அசைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை போய்விட்டாள்.

பாடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே சொல். ஆயுசு முழுக்கத் தந்தி அடித்தவன் நான். ஒரு சொல்லில் சாவு சொல்லியிருக்கிறேன், பிள்ளைப்பேறு சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு சொல்லை அடிக்கத் தெரியவில்லை.

சாவு வீட்டில் அவள் மகள் என்னைத் தேடி வந்தாள். ஒரே மகள். தாயைப் போலவே ஆகிருதி. அழுது முகம் வீங்கியிருந்தது.

“மாஸ்டர், எங்கம்ம கொரலு எப்படி இருக்கும்?”

எனக்கு விளங்கவில்லை. “என்ன கேக்கே?”

“உங்க கொயர்ல இருபத்திரெண்டு வருசம் நின்னாளே. உங்களுக்குத்தான தெரியும்? வீட்டுல அவ பாடி நான் கேட்டதே இல்ல. எனக்கு ஒரு தாலாட்டுக்கூடப் பாடுனதில்ல. கேட்டா, கர்த்தருக்கு முன்னால பாடக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காவம்பா. அது கோயில்லதானம்மா, வீட்டுல பாடேன்னா, ‘ஏட்டி, வீட்டுல கர்த்தர் இல்லியா?’ம்பா.”

கர்த்தருக்கு முன்னால் என்று நான் சொன்னது பீடத்தை. பீடத்துக்கு முன்னால் போட்டிருக்கிற மூன்று பெஞ்சை. எங்கள் பேச்சில் அதற்கு அதுதான் அர்த்தம். யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். இவள் ஒருத்தி முழுசாக எடுத்துக்கொண்டாள். அடுப்படி, கிணற்றடி, தொட்டில், எங்கே கர்த்தர் இல்லை? அதனால் எங்கேயும் பாடவில்லை. நாங்கள் வாரா வாரம் சத்தம் போட்டுப் பாடிய விசுவாசத்தை அவள் ஒருத்திதான் அப்படியே நம்பியிருக்கிறாள்.

அந்தப் பெண் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

“நேரமாச்சு, பெட்டியை எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளி பயிற்சி. இடது ஓரம் காலி. பிட்ச் பைப்பை ஊதிச் சுருதி கொடுத்தேன். எடுத்தார்கள். இரண்டாவது அடியில் கேட்டது. அரைச் சுரம் கீழே, தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால். கையைத் தூக்கி நிறுத்தினேன். “யாரது?” மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதே குரல், அந்தக் காலி இடத்திலிருந்து.

பயந்தேன் என்று வெளியே சொல்ல முடியுமா? இருக்கிறவர்களில் எவனோ இறங்குகிறான் என்று முடிவு செய்தேன். ஒவ்வொருத்தராகத் தனியே பாட வைத்தேன், நானும் கூடவே முணுமுணுத்துக்கொண்டு. யாரைப் பாடவைத்தாலும் குரல் கேட்டது. யாரிடம் பலமாகக் கேட்டதோ அவரையெல்லாம் கொயரிலிருந்து அனுப்பினேன். முதலில் மேல்குரல் பாடுகிற டெனர் ஒருவன். பிறகு அக்கா தங்கை இரண்டு பேர். பிறகு வரிசையாக. ஆறு வருஷத்தில் பதின்மூன்று பேர். சிலர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார்கள். அங்கே கையைத் தட்டினால் போதும். சிலர் எங்கேயும் போகவில்லை. கடைசியாக அனுப்பிய, அடிக்குரல் பாடுகிற பாஸ்காரன், “மாஸ்டர், நீரும் கர்த்தரும் மட்டும் பாடிக்கிடும்” என்று பாட்டுப் புஸ்தகத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போனான்.

பத்துப் பேரை வைத்துக்கொண்டு போட்டிக்குப் போக முடியாது. குருவானவர் வீட்டுக்கு வந்து, வயதாகிறது, ஓய்வெடுங்கள் என்றார். ஷீல்டுகள் இருந்த அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். வேறு ஒருவர் வந்தார். நான் கதவோரப் பெஞ்சுக்குப் போனேன்.

குரல் என்னோடு வந்தது. கோயிலில் பாட்டு எடுத்தால் வரும். பஸ்ஸில் வரும். வீட்டில் குளிக்கும்போது ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தால் செம்பில் தண்ணீர் மொள்ளுகிற இடத்தில் வந்து நிற்கும். சாப்பிடும்போது வராது. யாரோடாவது பேசும்போது வராது. நான் பாட்டை எடுத்தால்தான் வரும். கூடப் பாட வருகிறாள் என்று நினைத்தேன். உயிரோடு இருக்கும்போது பாட விடாதவனை இப்போது விடுவாளா? ஒரு நாள் குளியலறையிலேயே சொன்னேன்: “பாடு, நேசம்.” அது நிற்கவில்லை, மாறவுமில்லை. செத்தவளுக்கு அனுமதி கொடுத்து என்ன?

எமீமாள் கதவைத் தட்டி, “யார்கிட்டப்பா பேசுதீய?” என்றாள். “சோப்பு” என்றேன்.

இப்போது வருகிறேன், மூன்று ஞாயிறுக்கு முந்தி நடந்ததற்கு. பொறும். கடிகாரத்தைப் பார்க்காதேயும்.

கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. மறுநாள் அசனம், ஊரே ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. முந்தின நாள் சாயங்காலம் காய் நறுக்க நாற்பது, ஐம்பது பெண்கள் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். கத்தரிக்காய் மலை மாதிரி குவிந்திருக்கும். நறுக்கிக்கொண்டே பாடுவார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், ஓரமாக.

கீர்த்தனை எடுத்தார்கள். கேட்டுவிட்டது. அந்தக் குரல்தான். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“யாரது? இறங்குது! நிறுத்துங்க!”

அரிவாள்மணைச் சத்தம் நின்றது. ஐம்பது பேரும் வாயை மூடிவிட்டார்கள். மரத்துக் காக்காகூட அடங்கியது. அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை தம்பி. பாடிக்கொண்டே இருந்தது. அந்த அடியை முடித்துவிட்டுத்தான் நின்றது.

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பெருசு தானே பாடிட்டுத் தானே புடிக்கிது” என்றாள் இன்னொருத்தி.

நேசத்தின் மகள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். இப்போது அவள்தான் சத்துணவு ஆயா. தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

“மாஸ்டர், பாடுதது நீங்கதான்.”

நாற்காலியை நிமிர்த்திப் போட்டு என்னை உட்கார வைத்தாள். பெண்கள் மறுபடி பாட்டை எடுத்தார்கள். நான் என்ன செய்ய? சத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். வாயை மட்டும் அசைத்தேன். யாரும் சொல்லவில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.

அவள் இன்னும் போகவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் எப்படியோ ஆனது.

“அத நிறுத்தும்” என்றாள்.

“எதை?”

“இந்த வாய நான் சின்னப்பிள்ளைல இருந்து பாத்துட்டேன். கோயில்ல எங்கம்மைக்கி எதுத்தாப்புல உக்காந்து ஞாயித்துக்கிழமதோறும் பாத்துருக்கேன். இனிப் பாக்க ஏலாது. சத்தமாப் பாடும்.”

“சுருதி இல்லையேட்டி எனக்கு.”

“இல்லாட்டா போகுது. பாடும், நான் கூட வாறேன்.”

பாடினேன். கேவலமாக இருந்திருக்கும். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் எங்கே நின்றேனோ அங்கே இறங்கி வந்து பிடித்துக்கொண்டாள். பெரிய குரல், கனமான குரல். அவள் இறங்கியதும் பக்கத்தில் இருந்தவர்கள் இறங்கினார்கள். பிறகு அந்தச் சாக்கு முழுக்க. ஐம்பது பேரும் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே அரைச் சுரம் கீழே வந்து உட்கார்ந்துகொண்டார்கள், என்னோடு. முப்பத்திமூன்று வருஷம் கொயர் நடத்தியிருக்கிறேன். அப்படி ஒரு சேர்க்கை கேட்டதில்லை.

தனிக் குரல் எதுவும் கேட்கவில்லை. தேடிப் பார்த்தேன். இல்லை.

முடிந்ததும் அவள் கேட்டாள், காம்பைக் கிள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: “எங்கம்ம கொரலு இப்படித்தான் இருந்துச்சா?”

“இப்படித்தான்.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்தது” என்றேன்.

அன்றிலிருந்து சத்தம் இல்லை. பாடினாலும் இல்லை. மெஷின் வேண்டாம் என்று எமீமாளிடம் சொன்னேன், கேட்க மாட்டேன் என்கிறாள். அதுதான் வந்தேன்.

இத்தனை வருஷமும் கேட்டது என் குரல்தான் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் குரல் எனக்குத் தெரியாதா? அது நேசம்தான். அன்றைக்கு ஒரு நாள் வேண்டுமானால் நானாக இருந்திருக்கலாம்.

என்ன கோடு அது? காட்டும். இது வலது காது, இது இடது காது. இங்கே நேராகப் போய் இங்கே கீழே விழுகிறது. எத்தனை நாளாக இப்படி?

நாள் இல்லையா? வருஷமா?

முப்பது, நாற்பது என்றால்? சரியாகச் சொல்லும். தந்தி ஆபீஸ் சத்தத்தில் அப்போதே தொடங்கியிருக்கும் என்கிறீர்.

அந்தப் பதின்மூன்று பேர்.

இல்லை. பொறும். எண்பத்தாறில் என் காது நன்றாக இருந்தது. அதை எழுதிக்கொள்ளும். நேசம் இறங்கித்தான் பாடினாள். எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் என்றால், நான் சொன்ன பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒருவரும் சொன்னதில்லை. அவள் பக்கத்தில் நின்றவர்களையும் இழுத்துக்கொள்வாள் என்றேனே. அவள் வரிசையில் மீதி ஏழு பேரும் அவளோடு ஒரே சுருதியில் நின்றார்கள், நான்தான்...

விடும். கோடு போட்ட தாளை அந்தப் பக்கம் திருப்பி வையும்.

மெஷினைக் கொடும், மாட்டிக்கொள்கிறேன். ஃபாரத்தை முடியும். இரைச்சல்: இருந்தது, இப்போது இல்லை. சிகிச்சை: அசனத்துக்குக் காய் நறுக்குகிற இடத்தில். சிரிக்காதேயும், எழுதும். அதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறதே, முன்பு பார்த்த மருத்துவர் பெயர் என்று, அதையும் காலியாக விடாதேயும்.

லீதியாள். நேசபாக்கியம் மகள் லீதியாள்.